கியர் விகிதத்தைத் தொடாமல் பிக்கப்புக்குப் பெரிய டயர்

முதலில் பார்க்க வேண்டியது டயரின் வெளிவிட்டம். அகலமெல்லாம் அதற்குப் பிறகுதான். வண்டியில் இருப்பது 265/65 ஆர்17 (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்) என்றால் வெளிவிட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். 265/70 ஆர்17 போட்டால் 803, அதாவது 3.4 சதவீதம் கூடுதல். இதை வண்டி தாங்கிக்கொள்ளும். சிங்கப்பூர் ஓட்டத்துக்கு இதற்கு மேல் போகவேண்டாம் என்பதே என் கருத்து.

285/70 ஆர்17 என்றால் 831, 7 சதவீதம். டிஃபரன்ஷியலில் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) 4.10 விகிதம் உள்ள வண்டி 3.83 போட்டதுபோல் மந்தமாக இழுக்கும். டயரின் எடையும் கூடிவிடுகிறது. சரக்கோடு பலமாடிக் கார்நிறுத்தச் சரிவில் ஏறும்போது தெரிந்துவிடும். ஆட்டோ கியர் ஓரிடத்தில் நிற்காமல் மாறி மாறி விழும். டார்க் கன்வர்ட்டர் (இஞ்சினையும் ஆட்டோ கியரையும் ஆயில் வழியே இணைக்கும் பாகம்) லாக் ஆகாமல் நழுவினால் கியர் ஆயில் சூடேறும். சரிவில் ஓவர்டிரைவை (வேகமாக ஓடும்போது பயன்படும் உயர் கியர்) அணைத்துவிடுங்கள். வண்டி 27 மில்லிமீட்டர் உயரும்; நுழைவாயிலின் உயர அளவையும் கவனியுங்கள்.

பிக்கப் போன்ற இலகுரகச் சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் வரம்பு 70 கிலோமீட்டர். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் 285/70 டயரில் 70 காட்டினால் உண்மையான வேகம் 75! ஜிபிஎஸ் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, ரிவர்ஸிலும் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் லைனரில்தான் உரசும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக்கூடாது, அது சட்டம். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) கதவு ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறையவே கூடாது. ஸ்பேர் டயரும் அதே அளவில் வாங்குங்கள்.