பார்வை நேரத்தின் கணக்கு: ஒரு காணொளித் தளத்தின் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

ஆவணப்படங்களுக்கென ஒரு காணொளித் தளம் தொடங்குவது என்று நாங்கள் மூவரும் முடிவெடுத்து இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. இதுவரை பேசியதில் பாதி, சந்தாவா விளம்பரமா என்பதிலேயே கழிந்தது. இன்று அந்த வாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒருவர் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் எவ்வளவு தரவு வெளியே போகும் என்பதை மட்டும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 1080 பி தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 3,600 நொடிக்கு 18,000 மெகாபிட். அதை எட்டால் வகுத்தால் 2.25 ஜிகாபைட். ஆயிரம் பேர் ஒரே மாலையில் ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டேகால் டெராபைட். படத்தைச் சேமித்து வைக்கும் செலவு பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவதில்லை. வெளியே போகும் தரவுக்கான கட்டணமோ ஒவ்வொரு பார்வையாளரோடும் ஏறுகிறது.

சந்தாவும் விளம்பரமும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்பது இந்தக் கணக்குக்குப் பிறகுதான் உறைத்தது. விளம்பரத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் பார்க்கிறாரோ அவ்வளவுக்குச் செலவோடு வரவும் கூடும். சந்தாவில் மாதத் தொகை ஒன்றுதான். இரவு பகலாகப் பார்ப்பவரால் செலவு மட்டும் ஏறுகிறது. பணத்தைக் கட்டிவிட்டுத் தளத்தின் பக்கமே வராதவரால் அந்த மாதம் லாபம்தான், ஆனால் அடுத்த மாதம் முதலில் விலகப்போகிறவரும் அவரே. இனி எந்த முடிவையும் ஒரு மணி நேரப் பார்வைக்கு என்ன வரவு, என்ன செலவு என்றே எழுதுவது என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

ஜனவரி 20, 2025

கோடெக் (காணொளியைச் சுருக்கும் முறை) பற்றிய விவாதம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. 2003இல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். 2018இல் வெளியான ஏ.வி.1 அதே தரத்தைக் கணிசமாகக் குறைந்த தரவில் தரும். ஆனால் என்கோடிங்கிற்கு, அதாவது படத்தை அந்த முறையில் சுருக்குவதற்கு, கணினி நேரம் அதிகம் பிடிக்கும், பழைய தொலைக்காட்சிகளில் ஓடாது. பத்துப் பேர் பார்க்கும் படத்தை ஏ.வி.1இல் தயாரித்தால், மிச்சமாகும் தரவைவிடக் கணினிக்குக் கொடுக்கும் காசு அதிகம். எனவே எல்லாப் படங்களும் முதலில் எச்.264இல் ஏறும், பார்வை நேரம் ஓர் அளவைத் தாண்டிய படம் மட்டும் ஏ.வி.1இலும் தயாராகும். அனுப்பும் முறைக்கு, படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் பட்டியல் கோப்போடு அனுப்பும், ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். போதும் என்று விட்டுவிட்டோம்.

ஜனவரி 28, 2025

இணைய வேகம் குறையும்போது ப்ளேயர் 1080இலிருந்து 480க்கு இறங்கும் தருணத்தில், பேசிக்கொண்டிருப்பவர் சொன்ன சொல்லையே மறுபடி சொன்னார். முதலில் ப்ளேயரைத்தான் சந்தேகித்தோம். இரண்டு நாள் அதிலேயே போயிற்று. கடைசியில் இரு தரங்களின் பட்டியல் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தபோது, ஒன்றில் ஒரு துண்டு 6 நொடி என்றும் மற்றொன்றில் அதே இடத்துத் துண்டு 7 நொடிக்கும் மேல் என்றும் இருந்தது.

காரணம் எளியது. ஒரு துண்டு கீஃபிரேமில்தான், அதாவது மற்றச் சட்டங்களைச் சாராத முழுப் படச் சட்டத்தில்தான், தொடங்க முடியும். என்கோடர், காட்சி சட்டென்று மாறும் இடங்களில் தானாகவே ஒரு கீஃபிரேமைச் செருகும். எது காட்சி மாற்றம் என்பதை ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனியாகத் தீர்மானிப்பதால், வெட்டும் இடங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயின. எஃப்எஃப்எம்பெக் என்கிற என்கோடிங் மென்பொருளில் அந்தத் தானியங்கிச் செருகலை நிறுத்திவிட்டு, எல்லாத் தரங்களிலும் சரியாக 2 நொடிக்கு ஒரு கீஃபிரேம் என்று கட்டாயப்படுத்தினோம். துண்டுகள் 6 நொடியில் ஒழுங்காக விழுந்தன. ஏற்கெனவே ஏற்றியிருந்த படங்கள் அனைத்தையும் திரும்ப என்கோட் செய்ய நேர்ந்ததுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 17, 2025

கட்டணச் சுவர் நேற்று மாலை உயிர்பெற்றது. சந்தா செலுத்தியவர் இணைப்பை நகலெடுத்துச் செலுத்தாதவருக்கு அனுப்பக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு டோக்கனை (தனி அடையாளக் குறியீட்டை) உருவாக்கித் துண்டுகளின் முகவரி இறுதியில் சேர்த்திருந்தோம். இரவு பத்து மணிக்குள் படங்கள் இருக்கும் எங்கள் மூல வழங்கி (சர்வர்) மூச்சுத் திணறியது. பலருக்குப் படம் சுழன்றுகொண்டே நின்றது. பார்வையாளர் எண்ணிக்கையோ முந்தைய வாரத்தைவிடக் குறைவு. பார்வையாளருக்கு அருகிலிருந்து படத்தை வழங்கும் வழங்கிகளின் வலையமைப்பான சி.டி.என். தந்த அறிக்கையைத் திறந்தால், அது சேமித்துவைத்த நகல்களான கேஷிலிருந்து போவது ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று காட்டியது.

சி.டி.என். ஒரு கோப்பை அடையாளம் காண்பது அதன் முழு முகவரியை வைத்து. டோக்கன் ஆளுக்கு ஆள் மாறுவதால், நூறு பேர் கேட்ட ஒரே துண்டு அதன் கண்ணுக்கு நூறு வெவ்வேறு கோப்புகளாகத் தெரிந்து, ஒவ்வொன்றையும் எங்களிடமே வந்து வாங்கிப் போயிருக்கிறது. காசு வசூலிக்கக் கட்டிய சுவரே, காசு கரையும் ஓட்டையாகிவிட்டது! டோக்கனைச் சி.டி.என். வழங்கியிலேயே சரிபார்த்துவிட்டு, கேஷ் சாவியை, அதாவது கோப்பை அடையாளம் காணும் பெயரை, கணக்கிடும்போது அதை விலக்கிவிடும்படி விதியை மாற்றினோம். அரை மணி நேரத்தில் வழங்கி அமைதியானது. டோக்கன் எழுதியது நான்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே குறித்துவைக்கிறேன்.

மார்ச் 9, 2025

சந்தா இல்லாதவர்களுக்கு விளம்பரத்தோடு சில படங்களைத் திறந்துவிட்டிருக்கிறோம். விளம்பர விலை ஆயிரம் முறை காட்டுவதற்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. ஆகவே ஒரு மணி நேரத்தின் வரவு என்பது அந்த மணியில் உண்மையிலேயே ஓடிய விளம்பரங்களின் எண்ணிக்கையை அந்த விலையால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது. ‘உண்மையிலேயே ஓடிய’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாம் விளம்பரம் கேட்கும் ஒவ்வொரு முறையும் பதில் வருவதில்லை. சில வேளைகளில் ஒரு விளம்பர வழங்கி இன்னொன்றைக் கைகாட்ட, அது மற்றொன்றைக் கைகாட்ட, அதற்குள் நேரம் தீர்ந்து இடைவேளை காலியாகப் போகிறது.

விளம்பரத் தடுப்பான்களைக் கடக்க, விளம்பரத்தை வழங்கியிலேயே படத்தோடு தைத்து அனுப்புகிறோம். பட்டியல் கோப்பு ஆளுக்கு ஆள் மாறினாலும் துண்டுகள் எல்லோருக்கும் பொதுவாகவே இருப்பதால் கேஷ் பாதிக்கப்படவில்லை. பிப்ரவரிப் பாடத்துக்குப் பின் நான் முதலில் சோதித்தது அதைத்தான். விளம்பரத்துக்கும் படத்துக்கும் நடுவே நேரமுத்திரை (ஒவ்வொரு சட்டமும் எந்த நொடியில் வரவேண்டும் என்ற குறிப்பு) அறுந்துபோவதைச் சொல்லும் ஒரு வரியைப் பட்டியலில் எழுதாமல் விட்டிருந்தோம். உலாவிகள் அதைப் பொறுத்துக்கொண்டன. சில தொலைக்காட்சிகளில் விளம்பரம் முடிந்ததும் திரை உறைந்து நின்றது. ஒரு வரிதான், சேர்த்தபின் சரியானது. விளம்பரத்தின் ஒலி படத்தைவிட உரக்க ஒலிப்பதை இன்னும் தீர்க்கவில்லை.

ஏப்ரல் 2, 2025

விலகிய சந்தாதாரர்களின் பட்டியலை இன்று பிரித்துப் பார்த்தோம். அவர்களில் ஒரு பகுதியினர் விலகவே இல்லை; அட்டை காலாவதியாகிப் பணம் எடுக்க முடியாமல் போக, எங்கள் நிரல் அவர்களை அன்றே வெளியேற்றியிருந்தது. சில நாள் அவகாசம் கொடுத்து, இடைவெளி விட்டு மறுபடி முயன்று, ஒரு மின்னஞ்சலும் அனுப்பினால் இவர்களில் பலர் தங்குவார்கள். புதிய பார்வையாளரைத் தேடிப் பிடிப்பதைவிட இது மலிவு.

செயலி வழியாகச் சேரும் சந்தாவுக்கு ஆப்பிள் தனக்கு எடுத்துக்கொள்ளும் பொதுவான கழிவு முதல் ஆண்டில் 30 சதவீதம், பிறகு 15. ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டாத சிறு நிறுவனங்கள், 2021இல் தொடங்கிய திட்டத்தில் பதிந்துகொண்டால் தொடக்கத்திலிருந்தே 15தான். அந்தப் படிவத்தை நிரப்பாமல் மூன்று வாரம் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்பது இன்றைய வெட்கம்.

ஏப்ரல் 19, 2025

ப்ளேயர் எப்போதும் 60 நொடி முன்கூட்டியே இறக்கிவைக்கும்படி அமைத்திருந்தோம். உச்சத் தரத்தில் அது 37.5 மெகாபைட். படத்தைத் திறந்து பத்து நொடி பார்த்துவிட்டுப் போகிறவர், பார்க்காத காட்சிகளுக்கான தரவையும் நம் செலவில் எடுத்துக்கொண்டு போகிறார். அப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர். முதல் இரண்டு நிமிடங்களுக்கு 20 நொடி, அதற்குமேல் தங்குபவருக்கு 60 நொடி என்று மாற்றி எழுதிவிட்டேன். “படம் நடுவில் நின்றால் அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஆட்கள் ஓடுவார்கள்” என்கிறார் எங்கள் பொறியாளர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாளை காலை பாதிப் பார்வையாளர்களுக்கு மட்டும் இதைத் திறந்துவிட்டு, ஒரு வாரம் இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறோம்.