உத்தேசச் செலவு

"பைசா கிட்டினாத்தான் சொல்லுவியளா டீச்சரே?"

அவர் இதைக் கிண்டலாகக் கேட்டிருந்தால் அப்போதே ஒரு பதில் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். காம்பவுண்டு சுவர், பஸ் பாஸ், காலாண்டு மார்க் எல்லாம் பேசித் தீர்த்த பிறகு கடைசியில்தான் தலைமையாசிரியை என்னை எழுப்பிவிட்டார். பள்ளிக்கூடங்களில் முழுமையான பாலியல் கல்விக்கு அரசு நிதி ஒதுக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, உத்தேசச் செலவோடு ஒரு முன்மொழிவு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அறிவியல் டீச்சர் என்பதால் அது என் தலையில் விழுந்தது. டாக்டர் வருவார், கையேடு தருவோம், ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு என்றெல்லாம் விளக்கிவிட்டு, "ஃபண்டு வந்தா அடுத்த வருஷம் ஆரம்பிச்சுரலாம்" என்று முடித்தேன். அவர் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வரியை.

ரப்பர் பால் வெட்டுகிறவர். மகன் பத்தாவது, மகள் எட்டாவது. வழக்கமாகக் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். "நான் வெளுப்பாங்காலம் மரத்துக்குப் போறவன். எனக்க மவன் இதெல்லாம் அவனுக்க அம்மைக்கிட்ட கேப்பானா? நீங்க சொன்னா கேப்பான். அதுக்கு எதுக்கு பைசா?"

"பைசா இல்லேன்னாலும் பாடத்துல உள்ளத சொல்லத்தான் செய்யுறோம் அண்ணே. அரசாங்கம் பணம் ஒதுக்குனா எங்களுக்கு ஒரு பலம், அவ்வளவுதான்."

"அப்ப பேடின்னு சொல்லுங்க" என்றார். எங்கள் பக்கம் பேடி என்றால் பயம். நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைமையாசிரியை உடனே நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

பாடத்தில் உள்ளதைச் சொல்கிறோம் என்று நான் சொன்னது பொய்யில்லை. எட்டாம் வகுப்பில் 'வளரிளம் பருவமடைதல்' இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தாவரங்கள், விலங்குகளின் இனப்பெருக்கம் ஒரே பாடமாக இருக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சி, கருத்தடை எல்லாம் அதில் உண்டு. எதையும் தாண்டிப் போகிற வழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்த மனிதர் கேட்டது அதை இல்லை என்பது எனக்குத் தெரியும். விந்துச் செல்லின் பாகங்களைக் குறிக்கத் தெரிந்த பையனுக்குத் தன் உடம்பில் காலையில் நடப்பது நோயா இல்லையா என்று தெரியாது. புத்தகம் முதலாவதைச் சொல்லும். இரண்டாவதை ஒரு ஆள்தான் சொல்ல வேண்டும். அந்த ஆளாக இருக்கப் பலம் வேண்டும் என்றுதான் நான் சொன்னேன், அல்லது சொல்ல நினைத்தேன்.

பேடிக்குக் காரணம் இல்லாமலா? 2005-ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2007-க்குள் மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்கள் அதைத் தடுத்தோ நிறுத்தியோ விட்டன. படங்கள் ஆபாசம் என்றார்கள். 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவைக் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. அந்தப் படங்களைப் பலகையில் மாட்டிய ஆசிரியர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்ததைக் காட்டியவர்களுக்கு அந்த நிலைமை என்றால், அச்சடிக்காததைச் சொல்கிறவள் கதி?

அதிலும் எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. சம்பளம் சர்க்கார் தருகிறது, கட்டடமும் பெயரும் நிர்வாகத்தினுடையது. ஒரு புகார் வந்தால் இரண்டு பக்கமும் விளக்கம் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், வேறு பள்ளி, வகுப்பில் ஆணுறை என்ற சொல்லைச் சொன்னதை ஒரு பையன் வீட்டில் போய்ச் சொல்லி, அது வாட்ஸப்பில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் அவர் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் வாங்கிய கன்னியாகுமரி மாவட்டம் இது. வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் டிகிரி முடித்தவர்கள். அவருக்காக நான் பேசப் போனேனா என்று கேட்டால், போனில் பேசினேன்.

ஆகவே ஒரு தாள் வேண்டும் என்று நான் நினைப்பது நியாயம்தான். நிதி என்று வந்தால் அரசாணை வரும், தலைப்பு வாரியாக வரும், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். இதை அவரிடம் விளக்கியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், "அப்ப பைசா எதுக்கு, அந்தத் தாளு போதுமே" என்று அவர் கேட்பது போலவே இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி அந்த உத்தேசச் செலவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். டாக்டர் போக்குவரத்து, கையேடு அச்சு, டீ வடை, ஃபிளக்ஸ் பேனர், புகைப்படம். நான் முதலில் எழுதியதில் இன்னொரு வரி இருந்தது: வருஷம் முழுக்க வாரம் ஒரு நாள் வந்து உட்கார ஒரு ஆலோசகர். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் அதுதான். தலைமையாசிரியை சிவப்பு மையால் அடித்தார். "இவ்வளவு கேட்டா மொத்தத்தையும் தள்ளிருவாங்க டீச்சர்." அவர் சொன்னதில் தப்பில்லை. எத்தனையோ முன்மொழிவு எழுதியவர். நானும் வாதாடவில்லை. பேனரை அவர் அடிக்கவில்லை. பேனர் இல்லாமல் போட்டோ இல்லை, போட்டோ இல்லாமல் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லாவிட்டால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று அர்த்தம். வாத்தியார் வேலை பார்க்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆலோசகர் வரிதான் முக்கியம் என்று எனக்கு ஏன் பட்டது என்றால், டாக்டர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு டீ குடித்துப் போய்விடுவார். மறுநாள் இடைவேளையில் ஒரு பிள்ளை வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் சொல்லத்தான் செய்வார்கள். அதற்காகத்தானே சொல்லிக் கொடுக்கிறோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தால் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. புகாருக்கு உள்ளாகிறவர் சித்தப்பாவாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம், அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறவராகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளையோடு காவல் நிலையம், ஆஸ்பத்திரி, குழந்தைகள் நலக்குழு என்று நடக்கப் போவது யார்? குழந்தைகள் உதவி எண் 1098 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். போன் வரைக்கும் சரி. அதற்கப்புறம் பழக்கப்பட்ட ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். ஆக, பைசா வேண்டும் அண்ணே. கூட்டத்தில் இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும் என்று பல தடவை தோன்றியிருக்கிறது. ஆனால் சிவப்பு மையில் அடிபட்ட வரிக்காகவா நான் அங்கே நின்று பேசினேன்? மிச்சமிருந்த பேனருக்காகத்தானே பேசினேன்.

முன்மொழிவுக்காகத் தேடும்போது அமெரிக்கக் கதை ஒன்று கிடைத்தது. அங்கே 1996-ல் போட்ட சட்டப்படி, கல்யாணம் வரை உடலுறவு வேண்டாம் என்று மட்டும் போதிக்கிற திட்டங்களுக்கு வருஷத்துக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தை வாங்குகிறவர்கள் என்ன போதிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எட்டு அம்சம் எழுதியிருந்தது. அந்த நிதியில் நடந்த நான்கு திட்டங்களை ஆராய்ந்து, அந்நாட்டு நாடாளுமன்றம் கேட்டபடி 2007-ல் வெளிவந்த அறிக்கை, வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கும் போகாத பிள்ளைகளுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை என்றது. பிறகு 2010-ல் கருத்தடையையும் சேர்த்துச் சொல்லும் திட்டங்களுக்கென்று 7.5 கோடி டாலர் வந்தது. நடுவில் நின்றுபோயிருந்த பழைய நிதியும் திரும்ப வந்தது. ஒரே கஜானாவிலிருந்து இரண்டு பாடம். பணம் கொடுப்பவர் வாயையும் சேர்த்துத்தான் வாங்குகிறார் போலிருக்கிறது. நான் பலம் என்று சொன்ன அதே தாள், நாளைக்கு 'இதற்கு மேல் பேசாதே' என்றும் வரலாம். அப்போதும் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்வேனா?

அன்று கூட்டத்தில் எதிர்த்தும் ஒருவர் பேசினார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிற ஒரு அம்மா. "இல்லாத புத்திய எதுக்கு உண்டாக்குதிய?" யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி, இப்படிச் சொல்லிக் கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் கெட்டுப் போவதில்லை என்று ஆய்வுகளை வைத்துச் சொல்கிறது. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. நானும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் போய் இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறவருக்கு, மகள் ஒன்றும் அறியாதவளாக இருக்கிறாள் என்ற நம்பிக்கை ஒரு காவல்.

ஆனால் அந்தப் புத்தியை ஏற்கெனவே வேறு ஆட்கள் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன், பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். ஒரு சீட்டு, கணக்கு நோட்டுக் கட்டத் தாளில், கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் கோணல் மாணலாக எழுதியது: 'ராத்திரி ஈரமானால் ரத்தம் குறைந்து போகுமா மிஸ். பஸ் ஸ்டாண்டு சுவரில் போட்டிருக்கு.' எந்தச் சுவர் என்று நமக்கெல்லாம் தெரியும். மாதம் ஒரு தடவை இன்ன லாட்ஜில் இன்ன தேதி என்று வந்து உட்காருகிற வைத்தியர்களின் நோட்டீஸ். இந்தப் பாடத்தை நம்ம ஊரில் பைசா வாங்கிக்கொண்டு நடத்துகிறவர்கள் அவர்கள்தான். அரசாணைக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. துபாயிலும் ஆழ்கடலிலும் இருக்கிற அப்பாக்களின் பிள்ளைகள் அந்தச் சுவரைப் படித்துக்கொண்டுதான் டியூசனுக்குப் போகிறார்கள்.

அந்தச் சீட்டுக்கு மறுநாளே பதில் சொன்னேன். நோய் இல்லை, ரத்தம் குறையாது, மருந்து வேண்டாம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செலவும் இல்லை. ஆகவே அவர் கேட்டதுதான் சரி என்று முடித்துவிடலாமா என்றால், அதே பெட்டியில் கிடந்த இன்னொரு சீட்டை நான் வகுப்பில் வாசிக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதுமில்லை. அதற்குத்தான் அந்த அடிபட்ட வரி தேவைப்பட்டது.

2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, முழுமையான பாலியல் கல்விக்கு ஒரு நிபுணர் குழு அமைப்பதை மத்திய அரசு யோசிக்கலாம் என்று சொன்னது. முன்மொழிவின் முதல் பத்தியில் அதைச் சேர்த்திருக்கிறேன். ஃபைல் போய்விட்டது, பதில் இல்லை.

எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடம் அடுத்த வாரம் வருகிறது. வழக்கமாகப் பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளை மட்டும் உட்கார வைப்போம். இந்த முறை சேர்த்து எடுக்கட்டுமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எடுங்க. ஆனா நான் சொன்னதா ஒரு இடத்திலயும் சொல்லாண்டாம்" என்றார்.

பாடக்குறிப்பில் 'இருபாலரும் சேர்ந்து' என்று எழுதி, மற்ற டீச்சர்களின் நோட்டுகளோடு சேர்த்து அவர் மேசையில் வைத்தேன். திங்கட்கிழமை கையெழுத்தோடு வந்தது. படித்துப் பார்த்துத்தான் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.