இரண்டு வளையங்கள்

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருந்தபோது, ஐசிஎல் எனப்படும் லென்ஸைக் கண்ணுக்குள் வைத்துக்கொள்ள வருபவர்களின் கண்களை அளப்பதே என் முக்கிய வேலை. மைனஸ் 10, 12 என்று பவர் ஏறிப்போனவர்களுக்குக் கருவிழியைச் செதுக்கும் லேசர் பெரும்பாலும் ஒத்துவராது என்பதால், கண்ணின் நிறப்பகுதியான ஐரிஸுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே இந்த மெல்லிய லென்ஸைச் செருகுகிறார்கள். 12.1 முதல் 13.7 மில்லிமீட்டர் வரை நான்கே அளவுகள். பெரிதாகிவிட்டால் ஐரிஸை முன்னே தள்ளிக் கண்ணின் வடிகாலை நெருக்கும். சிறிதாகிவிட்டால் இயற்கை லென்ஸை உரசிப் புரையைக் கொண்டுவரும். அதனால் என் பயமெல்லாம் அளவில்தான் இருந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்த, மைனஸ் 14 பவர் உள்ள ஒரு பெண்ணுக்குக் காலையில் ஒரு கண்ணில் லென்ஸ் வைத்து, மாலையில் கண்ணின் உள் அழுத்தம் 17, இயல்புதான் என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பினோம். இரவு 9 மணிக்கு அவருடைய அம்மா அழைத்தார்.

“ஏனுங்க சார், பாப்பாவுக்கு லைட்டைச் சுத்தி வட்ட வட்டமாத் தெரியுதாமுங்க.”

எனக்கு விடை தயாராக இருந்தது. கண்ணின் உள்நீர் கடந்துபோவதற்காக இந்த லென்ஸின் நடுவில் 0.36 மில்லிமீட்டர் துளை உண்டு (முன்பெல்லாம் இதற்காக ஐரிஸிலேயே லேசரால் ஓட்டை போடுவார்கள்). அதன் விளிம்பில் வெளிச்சம் சிதறி வளையம் தோன்றும், நாளடைவில் பழகிவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

நள்ளிரவு தாண்டி, வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார் அந்தப் பெண். அழுத்தம் 46. கருவிழி நீர் கோத்து மங்கியிருந்தது; வளையம் அதனால் வந்தது. அறுவையின்போது உள்ளே இடம் உண்டாக்கச் செலுத்திய ஜெல்லின் மிச்சம் வடிகாலை அடைத்திருந்தது. மருத்துவர் பக்கக் கீறலை மெல்ல அழுத்திச் சிறிது நீரை வெளியேற்றி, மாத்திரையும் கொடுத்த பிறகு அழுத்தம் இறங்கியது. விடிந்ததும் ஸ்கேன் எடுத்தோம்: இரு லென்ஸுகளுக்கும் இடைவெளி 480 மைக்ரான். நான் பயந்த அளவில் ஒரு குறையும் இல்லை.

“நீங்க சொன்னீங்கன்னுதானுங்க பொறுத்திருந்தோம்” என்றார் அம்மா. குரலில் கோபமே இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த கண்ணுக்கு வந்தபோது, முதல் கண்ணில் இரவு வேளையில் லேசாக வளையம் இன்னும் தெரிவதாக அந்தப் பெண் சொன்னார். துளையின் வளையமாகத்தான் இருக்கும். அழுத்தத்தை அளந்தேன், 15. சற்று நேரம் கழித்து மறுபடியும் அளந்தேன்.