கஜா அடிச்சப்ப ஊராட்சியில ஆளே இல்ல

2018 நவம்பர் 16 விடியக்காலம் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறுனப்ப எங்க டெல்டாவுல எந்த ஊராட்சியிலயும் தேர்ந்தெடுத்த தலைவரே கிடையாது, 2016 அக்டோபரோட பதவிக்காலம் முடிஞ்சும் தேர்தல் நடத்தாம தனி அலுவலர் கையில விட்டுட்டாங்க, ஒரு ஆபீசர் எத்தனை ஊரத்தான் பாப்பாரு!

பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பா தென்னை வேரோட சாஞ்சு கெடந்துச்சு. வெட்டி அப்புறப்படுத்துற கூலியும் சேத்து மரத்துக்கு 1100 ரூபா நிவாரணம்னாங்க, சரி, ஆனா யாரு தோப்புல எத்தனை மரம்னு எழுதுன லிஸ்ட்ட ஊரு முன்னாடி வாசிக்க வேணாமா? ரோட்டுல கெடந்த மரத்த அறுத்தது, பொதுச் சமையல் போட்டதெல்லாம் ஊரு பசங்கதான். தேர்தல் நடந்தது 2019 டிசம்பர்லதான்.

நிவாரண லிஸ்ட்ட கிராம சபையில வாசிச்சு விட்டுப்போன பேர அங்கேயே சேக்கணும், முக்கியமா குத்தகைக்காரங்க பேர, பட்டா இல்லன்னா அவங்க நஷ்டம் கணக்குலயே வராம போயிடுது.