ராப் இதழுக்கு மூன்று அட்டைகள்

முதல் அட்டையை கலர் பிரின்ட் எடுத்து ஹாஸ்டல் அறைக் கதவில் ஒட்டியிருந்தேன். அறைத்தோழி பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "யாருடி இது, ஜாமீன்ல வந்தவனா?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் நானே அதை ஒழுங்காகப் பார்த்தேன். தலையில் ஹூடி, பாதி முகம் இருட்டில், முன்னால் கம்பிவலை, பின்னால் காரை பெயர்ந்த சுவர், எழுத்தெல்லாம் ரத்தச் சிவப்பு. படத்தில் இருக்கும், ராப் பாடும் தம்பிக்கு 19 வயது, பி.காம். படிக்கிறான். அவனிடம் நான் பார்த்த அதிகபட்ச வன்முறை, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை அடிக்கும் அடிதான். அந்த ஹூடியும் அவனுடையது இல்லை, என் கூடப்பிறந்த தம்பியுடையது. மே மாதம், காசிமேடு வெயில், ஹூடி! பாவம், வியர்வை சொட்டச் சொட்ட நின்றான். அந்த வியர்வையும் "மூட்" ஆக இருக்கிறது என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

நான் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு. இந்த இதழ் மார்க்குக்காகச் செய்ததில்லை. வடசென்னையில் ராப் எழுதிப் பாடும் நான்கு பேரைப் பற்றி, ஏ5 அளவில் 16 பக்கம், 50 பிரதி. அவ்வளவுதான் திட்டம். 16 பக்கம் என்பதற்குக் காரணம் உண்டு. நான்கு ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் 16 வந்துவிடும். சென்டர் பின் இதழுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க வேண்டும்.

மாணவர்கள் ராப்புக்கு இதழ் நடத்துவது புதிதில்லை. அமெரிக்காவின் பெரிய ராப் பத்திரிகையான 'தி சோர்ஸ்', 1988இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மேஸ், ஜான் ஷெக்டர் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய செய்திமடல்தான். அந்த தைரியத்தில், 'தி சோர்ஸ்', 'வைப்', 'எக்ஸ்எக்ஸ்எல்' பத்திரிகைகளின் அட்டைகளை ஒரு நாற்பது சேமித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேமராவைக் கீழே இறக்கி வைத்தால் ஆள் ஓங்கித் தெரிவார், கண் நேராக லென்ஸைப் பார்த்தால் வாசகரிடம் சவால் விடுவது போல இருக்கும். இதையெல்லாம் குறித்து வைத்தேன். குறிக்க மறந்தது ஒன்று: நியூயார்க்கில் ஹூடி குளிருக்குப் போடுவது.

படத்தை அதில் இருந்த ராப் தம்பியிடமே காட்டினேன். "நல்லாத்தான் இருக்குக்கா" என்று இழுத்தான். கொஞ்சம் வற்புறுத்திய பிறகு, "இங்க கேமராவோட யார் வந்தாலும் அந்தச் சுவத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க. எங்க வீட்டு மாடி நல்லா இருக்கும்கா, யாருமே கேட்டதில்ல" என்றான். அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டான்.

உண்மையைச் சொன்னால், பாஸ்போர்ட் படம் மாதிரி ஆகிவிடுமே என்றுதான் முதலில் தோன்றியது. ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில், சாதிக்கு எதிராகப் பாடும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் படம் ஒன்று நினைவுக்கு வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த அவர்களுடைய முதல் நிகழ்ச்சியில் கானா, ராப் பாடுகிறவர்கள் எல்லோரும் சாம்பல் நிற கோட் சூட்டில் வரிசையாக நின்றார்கள். அந்த உடை சொன்ன தன்மானத்தை எந்தக் கிராஃபிட்டி சுவரும் சொல்லியிருக்காது. தம்பி கேட்ட வெள்ளைச் சட்டையும் அந்தக் கணக்குதான். எனக்குத்தான் உறைக்கவில்லை.

அட்டையில் யார், எப்படி என்பது சின்ன விஷயமும் இல்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் பாடகி தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எழுதிப் பாடிய ராப் பாடகர் அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அன்று நானும் ஸ்டேட்டஸ் போட்டுக் கோபப்பட்டேன். ஆளை அட்டையில் போட்டுவிட்டும் அவரைக் காணாமல் ஆக்கலாம் என்பது, சொந்தமாகச் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

சரி, இரண்டாவது அட்டை. மாடி, சுண்ணாம்பு அடித்த கைப்பிடிச் சுவர், வெள்ளைச் சட்டை, கறுத்த முகம். கேமராவுக்கு இது பெரிய சோதனை. சட்டகத்தில் இருப்பதையெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டர் பார்க்கும். வெள்ளை அதிகமாக இருந்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், முகம் கரிக்கட்டை ஆகிவிடும். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து அளந்தேன். ஆனால் மீட்டர் சொன்னதை அப்படியே கேட்டால் கறுப்பு முகத்தையும் சாம்பலாக வெளுத்துவிடும். அதனால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தேன். பக்கவாட்டில் ஒரு தெர்மாகோல் பலகையைத் தம்பியின் அம்மா பிடித்துக்கொண்டார். மாலை ஐந்தரை மணி வெயில் அதில் பட்டுத் திரும்பி விழுந்ததும் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஒரு பளபளப்பு வந்தது பாருங்கள், நேரடி ஃப்ளாஷில் ஜென்மத்துக்கும் வராது.

படம் முடிந்தது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிரின்ட் கடையில் மாதிரிப் பிரதி வாங்கியபோது அட்டையில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார். கோதுமை நிறம், கன்னத்தில் மாவு பூசியது போல. கம்ப்யூட்டரில் இருந்த அண்ணனிடம் கேட்டேன். "டல்லா இருந்துச்சும்மா, கொஞ்சம் ஏத்தி விட்டேன்" என்றார். காசு கூடக் கேட்கவில்லை, உதவியாகத்தான் செய்திருக்கிறார். கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லா முகத்துக்கும் அவர் கை தானாக அதைச் செய்கிறது.

அவருக்கு ஒரு நியாயமும் இருந்தது. திரையில் தெரியும் நிழல், தாளில் மை ஊறும்போது இன்னும் அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தைத் திருத்தும் 'கர்வ்' கருவியில் நடுத்தர வெளிச்சப் பகுதியை மட்டும் லேசாக ஏற்றினேன், பளபளப்பையும் நிறத்தையும் தொடவில்லை. ஃபைலைப் பிடிஎஃப் ஆக்கி, "படத்தைத் தொட வேண்டாம் அண்ணா" என்று பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன். சிரித்தார். தாளையும் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம் எடை) ஆர்ட் பேப்பராக மாற்றச் சொன்னார், அதில் கறுப்பு அடைக்காமல் நின்றது. மூன்றாவது அட்டை அதுதான். ஒரு பிரதிக்கு 90 ரூபாயைத் தாண்டிவிட்டது.

இதற்கு நடுவில் இன்னொரு சறுக்கல். நான்கு பேரில் ஒருத்தி பெண், மொபைல் கடையில் வேலை பார்க்கிறாள். பக்கங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, மூன்று பையன்களும் லென்ஸை முறைக்கிறார்கள், அவள் மட்டும் எங்கோ பார்த்துச் சிரிக்கிறாள், கை கூந்தலில். கேமரா அவள் தலைக்கு மேலே. எடுத்தது நான்! யாரும் சொல்லிக்கொடுக்காமலே என் கையும் அந்தக் கடை அண்ணன் கை மாதிரிதான் ஓடியிருக்கிறது. திரும்பப் போய், போஸ் எதுவும் சொல்லாமல், பாடச் சொல்லி எடுத்துக்கொண்டே இருந்தேன். பாடும்போது அவள் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவில் ஓடி மாத்திரை எண்ணுகிறது. அந்தக் கையை முழுப் பக்கத்துக்கு வைத்தேன். முகம் எதிர்ப்பக்கத்தில் சின்னதாக.

நான்கு பேரும் சேர்ந்த படம் நடுப்பக்கத்துக்கு. 1958இல் புகைப்படக்காரர் ஆர்ட் கேன் நியூயார்க்கின் ஹார்லெமில் ஜாஸ் கலைஞர்களைப் படிக்கட்டில் நிறுத்தி எடுத்த படத்தை, 1998இல் 'எக்ஸ்எக்ஸ்எல்' பத்திரிகைக்காக கோர்டன் பார்க்ஸ் ராப் கலைஞர்களை வைத்து மறுபடி எடுத்தார். எங்களுக்கு வாய்த்தது ஹவுசிங் போர்டு படிக்கட்டு. படம் அழகாக வந்தது, ஸ்டேப்ளர் பின் மட்டும் ஒருவன் காதில் சரியாக இறங்கியது. "கடுக்கன் குத்திட்டீங்களே அக்கா" என்றான்.

எழுத்துரு பற்றி ஒரு வரி. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 'சொல்' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறுகிறதா? பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பதைத் தேர்வு செய்யுங்கள், சேர்ந்துவிடும். இது தெரியாமல் ஒரு முழு இரவு போயிற்று.

ஐம்பது பிரதியில் மூன்று தவிர எல்லாம் தீர்ந்தன. அந்தப் பெண்ணுக்குப் படம் பிடித்திருந்தது. ஆனால் வரிகள் இருந்த பக்கத்தை விரித்து விரலை வைத்தாள். பத்தி அகலத்துக்காக நான் வரிகளை இஷ்டத்துக்கு உடைத்திருந்தேன். எதுகை எல்லாம் வரித் தொடக்கத்திலிருந்து நழுவி நடுவில் புதைந்து கிடந்தது. "கைய இவ்ளோ பெருசா போட்டீங்க, அது எண்ணுனத விட்டுட்டீங்களே" என்றாள். திருத்திய வரிகளை ஒட்டுத்தாளில் அடித்து, கையில் மீதமிருந்த மூன்று பிரதியில் ஒட்டினேன். மற்ற நாற்பத்தேழையும் தேடிப் போய் ஒட்டுவதா, இரண்டாம் இதழில் அந்தப் பக்கத்தை முழுதாக மறுபடி போடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அவள் ஒட்டச் சொல்கிறாள்.