அக்கா மகனோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அலைந்த ஐந்து மாதங்கள்

இதில் ஊர்ப் பெயர் வராது, பையன் பெயரும் வராது. வழக்கில் சிக்கிய சிறுவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் எழுத மாட்டேன், அவன் என் அக்கா மகன். ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்கவும் மனசு வரவில்லை. அந்த நாட்களில் எங்களுக்கு முன்னால் இந்த வழியில் போன யாராவது எழுதி வைத்திருக்க மாட்டார்களா என்று ராத்திரி ராத்திரியாக போனில் தேடினேன். கிடைத்ததெல்லாம் சட்டப்பிரிவு விளக்கம்தான். வீட்டில் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால் மறுநாள் காலையில் எந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு எங்கே போக வேண்டும் என்பது அதில் இல்லை.

2023 மார்ச். இரவு பத்தரை மணிக்கு அக்கா போன் செய்தாள். பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. தெருவில் இருக்கும் இரண்டு பையன்களோடு, அவர்களுக்கு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும், இவனும் ஒரு திருட்டு வண்டியில் போய் வாகனச் சோதனையில் மாட்டியிருக்கிறான். நான் இருப்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். இவனுக்குப் பதினேழரை வயதுதான் சார் என்றேன். பத்தொன்பது என்று எழுதியாகிவிட்டது, ஆதாரைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தால் 01/01/2004 என்று இருக்கிறது. அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது முகாமில் எடுத்த ஆதார், பிறந்த தேதி தெரியாமல் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது, அதை அப்புறம் யாரும் திருத்தவே இல்லை.

இந்த ஒரு தேதியில்தான் எல்லாமே இருந்தது. பத்தொன்பது என்றால் மற்ற இரண்டு பேரோடு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கும் அங்கிருந்து சிறைக்கும் போவான். பதினேழரை என்றால் அவன் வழக்கே வேறு இடத்துக்குப் போகும். சிறார் நீதிச் சட்டத்தில் வயது பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்பு வயதுப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே கிடையாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், வயதைத் தீர்மானிக்க ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவை அர்த்த ராத்திரியில் எழுப்பிக் கேட்டேன். "பத்தாவது மார்க் ஷீட் இருக்கா, முதல்ல அதை எடுத்துட்டு வாங்க" என்றார். அக்கா அதை டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். செப்டம்பர் 2005. விடிவதற்குள் கொண்டு போய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரண உடையில் ஒருவர் வந்தார். ஸ்டேஷனில் குழந்தைகள் விஷயத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு காவல் அலுவலர் இருக்க வேண்டுமாம், அவர்தான் இவர். அவர் வந்த பிறகுதான் இவனைத் தனியாக உட்கார வைத்தார்கள்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதன் முன் நிறுத்த வேண்டும். அன்றைக்குக் குழுமம் கூடும் நாள் இல்லை. அப்படியென்றால் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது, அப்படித்தான் கொண்டு போனார்கள். அடுத்த அமர்வு வரை கூர்நோக்கு இல்லத்தில், அதாவது வழக்கு நடக்கும்போது சிறுவரை வைத்திருக்கும் அரசு இல்லத்தில், வைக்கச் சொல்லி உத்தரவானது. நான்கு ராத்திரி.

அந்த நான்கு ராத்திரியைப் பற்றி அக்காவிடம் இன்றைக்கும் நான் பேசுவதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால்தான், 2022 டிசம்பர் கடைசியில், செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோன செய்தி வந்திருந்தது. ஊழியர்களே கைதானார்கள். அதற்குப் பிறகுதான் இந்த இல்லங்களை எல்லாம் ஆராய அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. அக்கா அந்தச் செய்தியை டிவியில் பார்த்தவள். அவளுக்குத் தெரிந்த பெயர் சீர்திருத்தப் பள்ளி, அங்கே போன பிள்ளை திரும்பி வராது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். சொந்தக்காரர்கள் வேறு, ஆறுதல் சொல்கிறேன் என்று வந்து பயத்தை ஏற்றிவிட்டுப் போனார்கள். பார்க்க அனுமதி கிடைத்த அன்று அவள் முதலில் செய்தது, அவன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்ததுதான். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவன் முகத்தையே பார்த்தாள்.

வக்கீலுக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ரூபாய் ஆகவில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். எங்களுக்கு வந்தது ஒரு இளம் வக்கீலம்மா. இலவசம் என்றால் கடமைக்குச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன், அந்தப் பெண் உழைத்த உழைப்பை எந்தக் காசுக்கும் வாங்க முடியாது.

முதல் அமர்வுக்கு முன் வராந்தாவில் வைத்து அவர் எனக்குச் சொன்னதுதான் இந்த ஐந்து மாதத்துக்கும் சாவி. "சார், இங்கே ஜாமீன்ல குற்றம் பெரிசா சின்னதான்னு பார்க்க மாட்டாங்க. விட்டா மறுபடியும் அந்தக் கூட்டத்தோட சேருவானா, அவனுக்கு ஆபத்து வருமா, நியாயம் கெட்டுப் போகுமா, இந்த மூணுதான். அதனால அவன் செய்யலன்னு வாதாடறதை அப்புறம் வச்சுக்கலாம். இவனை யார் பார்த்துக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க."

அந்த இரண்டு பேரும் அக்கா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவர்கள். அவர்கள் வழக்கு வேறு கோர்ட்டில் தனியாக நடக்கும், சிறுவரையும் பெரியவரையும் சேர்த்து விசாரிக்கவே கூடாது. ஆனால் ஜாமீனில் வந்தால் அதே தெருவுக்குத்தான் வருவார்கள். அக்கா வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் காலை ஏழு மணிக்கு மில்லுக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவாள். இவனைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை என்பதுதான் உண்மை. என் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "அவன் என் பிள்ளைடா, என்கிட்ட வளர முடியாதுன்னு நீயே போய்ச் சொல்லுவியா" என்று அக்கா கேட்டாள். என் மனைவியோ போனில், நம்ம வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறது, யோசித்தீர்களா என்றாள். இரண்டு கேள்வியுமே நியாயமானதுதான். மனைவி ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, பட்டறை மாடியில் இருக்கும் அறையை ஒழித்துக் கொடுங்கள், சாப்பாடு நம் வீட்டில் என்றாள்.

குழுமம் நான் நினைத்த கோர்ட் மாதிரி இல்லை. கூர்நோக்கு இல்ல வளாகத்திலேயே ஒரு அறை, நீள மேசை, மேடை கிடையாது, கூண்டு கிடையாது. முதன்மை நடுவர் ஒரு மாஜிஸ்ட்ரேட், பக்கத்தில் சமூக சேவகர்களாக இரண்டு உறுப்பினர்கள், அதில் ஒருவர் பெண். பையனை உட்காரச் சொன்னார்கள். போலீஸில் யாராவது அடித்தார்களா, இங்கே யாராவது மிரட்டுகிறார்களா என்றுதான் முதல் கேள்வி. திருட்டைப் பற்றிக் கேட்டது ரொம்பக் கொஞ்சம். மீதி எல்லாம் எங்களைப் பற்றித்தான். எத்தனை அறை, யார் எப்போது வீட்டில் இருப்பார்கள், என் மனைவிக்குச் சம்மதமா, அடுத்த வாய்தாவுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பட்டறையில் வேலை வாங்குவீர்களா படிக்க வைப்பீர்களா. நான் வீட்டு வரி ரசீது, பட்டா எல்லாம் ஒரு பையில் அடுக்கி வைத்திருந்தேன், அதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. அக்காவிடம் பிணைப்பத்திரம் வாங்கினார்கள், பொறுப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். சாயங்காலம் அவனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அறுபது கிலோமீட்டரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் நன்னடத்தை அலுவலர் வந்தார். இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன், படிக்கிறவர்கள் செய்ய வேண்டாம். பையனின் குடும்பம், படிப்பு, பழக்கம் எல்லாவற்றையும் விசாரித்து அவர் ஒரு சமூகப் புலனாய்வு அறிக்கை கொடுக்க வேண்டும். அவரிடம் இவன் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எட்டு மாதமாகப் பள்ளிக்கே போகவில்லை, தண்ணி கேன் போடும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தான், நாளுக்கு முந்நூறு ரூபாய். கௌரவத்துக்காகவும் கேஸுக்கு நல்லது என்ற நினைப்பிலும் சொன்னது. அவர் நேராகப் பள்ளிக்கே போய்க் கேட்டுவிட்டு மறுபடி வந்தார். கோபப்படவில்லை. "நீங்க மறைச்சா இந்தப் பையனுக்கு என்ன வேணும்னு நான் எப்படி எழுதறது? நான் போலீஸ் இல்ல சார்" என்றார். அன்றைக்கு அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் குடித்தது, கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்றது, அந்தக் கடனுக்காகத்தான் இவன் படிப்பை விட்டான் என்பது. கடைசியாகச் சொன்னது எனக்கே அதுவரை தெரியாது. தம்பிக்காரனாக நான் எங்கே இருந்தேன் என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன்.

விசாரணை இழுத்தது. ஒரு தடவை நடுவருக்கு வேறு கோர்ட் வேலை, இரண்டு தடவை திருடுபோன வண்டியின் சொந்தக்காரர் வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பட்டறையை மூடிவிட்டு இவனைக் கூட்டிக்கொண்டு போனேன். திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம், அதனால் இந்தச் சட்டத்தில் அது சிறு குற்றம். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம், அதற்குள் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அத்தோடு முடிந்துபோகும். வெளியே நிற்கும் ஒருவர், அவரும் ஒரு பையனின் அப்பாதான், இழுத்தடித்தால் தானாகவே போய்விடும் என்று என்னிடம் யோசனை சொன்னார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. வக்கீலம்மா பையனைக் கூப்பிட்டு, தனியாக, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். வண்டி அவர்களுடையது இல்லை என்று தெரிந்துதான் ஏறினேன், அதைச் சொல்லிவிடுகிறேன் அக்கா என்று சொல்லியிருக்கிறான்.

வண்டிக்காரர் பால் ஊற்றுகிறவர். வண்டி கிடைத்தும் அதைக் கோர்ட்டிலிருந்து மனுப் போட்டு எடுக்கும்வரை மூன்று வாரம் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு ஊற்றியிருக்கிறார். அதை அவர் யாரையும் பார்க்காமல், கணக்குச் சொல்வது போலச் சொன்னார். எந்தத் தெருவில் எத்தனை வாடிக்கை நின்றுபோனது என்று. இவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். பெண் உறுப்பினர், நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேள் தம்பி என்றார். வெளியே வந்ததும் நான் பால்காரரிடம், கேன் ஸ்டாண்டை அறுத்திருக்கிறார்கள் என்றீர்களே, நான் புதிதாக அடித்துத் தருகிறேன் என்றேன். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது, எண்ணூறு ஆனது என்றார். எண்ணூறைக் கொடுத்தேன். ஐந்நூறை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

ஐந்தாவது மாதம் உத்தரவு வந்தது. ஆலோசனை சொல்லி வீட்டுக்கு அனுப்புவதில் தொடங்கி, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைப் பிணை (ஒழுங்காக இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் வெளியே விடுவது), தப்பு செய்ததாக முடிவான சிறுவரை வைக்கும் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருஷம் வரை குழுமம் எதையும் உத்தரவிடலாம். இவனுக்கு ஒரு வருஷம் நன்னடத்தைப் பிணை, என் பொறுப்பில், அதோடு தொழிற்பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று போட்டார்கள். அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவில் சேர்த்தேன். ஒரு வருஷப் படிப்பு. உத்தரவில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையிலிருந்து வரிகள் அப்படியே வந்திருந்தன, கடன், பள்ளி நின்றது, பட்டறை மாடி அறை எல்லாம். நான் சொன்ன பொய் அந்தத் தாளில் இருந்திருந்தால் அவனை அந்தப் பதினொன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள், அவனும் இரண்டாவது வாரம் தண்ணி கேன் வண்டியில் ஏறியிருப்பான்.

போன மாதம் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று போன் செய்தான். விண்ணப்பத்தில் உங்கள் மீது வழக்கு ஏதாவது உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். மாமா, என்ன எழுத என்றான். குரல் அந்த ராத்திரி பெஞ்சில் கேட்ட குரல் மாதிரியே இருந்தது. இருடா என்று வைத்துவிட்டு வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். அதே சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவைச் சொன்னார். சிறுவராக இருந்தபோது வந்த வழக்கால் பிற்பாடு எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது, பதிவேடுகளையே அழித்துவிட வேண்டும். 2019-ல் மத்தியப் பாதுகாப்புப் படை வேலைக்குப் போன ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொல்லியிருக்கிறது என்றார். தயங்காமல் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள் என்றார்.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். சரி மாமா என்றான். எழுதிவிட்டு அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். பக்கத்துக் கட்டத்தில் பிறந்த தேதி, மார்க் ஷீட்டில் இருப்பது போலவே. ஆதாரையும் போன வருஷமே திருத்திவிட்டோம்.