மாத்தளையிலிருந்து மேலே

முதல் திட்டம் என்னுடையது. நான்கு நாளில் ஒன்பது இடம். கொப்பியில் நேரம் போட்டு எழுதி, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி பிள்ளை, மாத்தளை எங்கே?" என்றார்.

மாத்தளை என் பட்டியலில் இல்லை. கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் போகிறவர்கள் நேரே கண்டிக்குத்தான் ஏறுவார்கள். எங்கள் ஆட்கள் அப்படி ஏறவில்லை. தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த அம்மாவின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள்கணக்கில் நடந்து, மாத்தளையில்தான் மலையைத் தொட்டார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அன்றிரவே ஒன்பது இடத்தை ஆறாகக் குறைத்தேன், வரிசையையும் மாற்றினேன். மாத்தளை, கண்டி, லங்காதிலக, புசல்லாவை, நுவரெலியா, அங்கிருந்து ரயிலில் பதுளை. நாளும் நான்கிலிருந்து ஐந்தானது.

மழையையும் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை ஆகஸ்டில். தென்மேற்குப் பருவக்காற்றில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் நனைந்துகொண்டிருக்கும். மலை முதுகைத் தாண்டிய ஊவாப் பக்கம், அதாவது பதுளைப் பக்கம், அதே நாளில் வெயில் காயும். ஆகவே மழைப்பக்கத்தை முதலில் முடித்து, வெயில்பக்கத்தைக் கடைசி நாட்களுக்கு வைத்தேன். கண்டியின் ஊர்வலத் திருவிழாவான பெரஹரா முடிந்த பிறகே புறப்பட்டோம், அந்த நாட்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அம்மாவின் முழங்கால் தாங்காது என்பதால் வேன் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். இன்று யோசித்தால், எங்கள் திட்டத்திலேயே மிக நல்ல முடிவு அதுதான்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தேங்காய் உடைத்து வெளியே வந்த அம்மா, கோபுரத்துக்கு எதிரே நின்று வடக்குப் பக்கமாகத் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கண்டி அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையில் கூட்டம் இருந்தாலும் வரிசை நகர்ந்தது. மாளிகைக்கு முன்னுள்ள வாவியைக் கட்டியவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம். 1815இல் கண்டி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அவரை வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே காலமானார். அரசரைக் கடல் கடத்தி ஒரு தலைமுறை கழிவதற்குள், கோப்பித் தோட்டங்களுக்காக அதே தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். வாவிக்கரையில் மகளுக்கு இதைச் சொன்னபோது, "ரெண்டு பேரும் கடலில் எதிரெதிரே வந்திருப்பாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஐந்து நாளும் என்னை விடவில்லை.

கண்டியை ஒரு நாளில் முடித்து, மிச்ச நேரத்தை லங்காதிலகவுக்குக் கொடுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். கம்பளை தலைநகராக இருந்த காலத்தில், 1344இல், பாறை உச்சியில் எழுப்பிய விகாரை அது. உள்ளே புத்தர், சுற்றியுள்ள தேவாலயங்களில் விபீஷணனும் கணபதியும் கந்தனும் இருக்கிறார்கள். பிள்ளையாரைக் கண்டதும் அம்மாவுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த முகம். நான் அவரை அழைத்துப் போனது வெளியே பாறையில் வெட்டிய கல்வெட்டுக்காக. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அம்மா தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, தொடாமல், விரலை ஒரு சாண் தள்ளியே நகர்த்தினார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு விரல் நின்றது. "இது 'ட'." இன்னும் கொஞ்சம் நகர்ந்து, "இது 'ப'. இதுவும் 'ப'." பேரனும் பேத்தியும் இரண்டு பக்கமும் வந்து குனிந்தார்கள். மூவரும் எழுத்துத் தேடிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம் என் கொப்பியில் இல்லாதது.

மறுநாள் புசல்லாவை. அம்மா பிறந்த தோட்டம் வீதிக்கு மேலே, வேன் ஏறாத பாதையில் இருக்கிறது. மெல்ல நடந்தோம். காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், அதைத் தாண்டித் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயம். அம்மா கதவுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் ஐந்தாவதில் நின்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில் ஏழு பேர் வளர்ந்தார்கள். இப்போது அங்கிருக்கும் அக்கா எங்களை இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்காரவைத்து, ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் தந்தார். கொழுந்தெடுத்துத் திரும்பியவர், விரல் நுனிகள் கறுத்திருந்தன. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டே பேசினார். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டதையும், இலைநோயில் கோப்பி அழிந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்திருந்தேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த மகளிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நுவரெலியாவில் ஒரு சிக்கல். தரைத்தள அறை வேண்டும் என்று தொலைபேசியில் இரண்டு முறை சொல்லியிருந்தேன். போனால் மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. படிக்கட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மணி நேரம் குளிரில் காத்திருந்த பிறகே கீழே ஓர் அறை தந்தார்கள். முதியவர்களோடு போகிறவர்கள் இதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேனைப் பதுளைக்கு அனுப்பிவிட்டு, நானுஓயாவில் ரயில் ஏறினோம். ஆசனங்களை ஒரு மாதம் முன்பே பதிந்திருந்தோம். 1885இல் நானுஓயாவுக்கு வந்த தண்டவாளம் பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. ஜன்னலில் பார்த்தால் காரணம் புரியும். பட்டிப்பொல நிலையம் 1,891 மீட்டர் உயரம், இலங்கையிலேயே உயர்ந்த நிலையம். அதுவரை கண்ணாடியில் தூறல். சற்று நேரத்தில் ஒரு சுரங்கம், இருட்டு, பிள்ளைகளின் கூச்சல். மறுபக்கம் வந்ததும் நல்ல வெயில்! பருவக்காற்றுக் கணக்கு பலித்ததில் நான் குழந்தைபோலக் கைதட்டினேன்.

எல்ல என்ற ஊரைக் கடந்து ஒன்பது வளைவுப் பாலத்தில் எல்லாரும் படம் எடுத்தார்கள். எங்கள் மகனுக்குப் பிடித்தது தெமோதரைதான். நிலையத்தை விட்டுப் புறப்பட்ட ரயில் மலையைச் சுற்றிவந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. "இப்ப நம்ம தலைக்கு மேலே ஸ்டேஷன்!" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

பதுளையில் பாதை முடிகிறது. பைகளை இறக்கி மேடையில் உட்கார்ந்தோம். அம்மா காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அடுத்த முறை மன்னாரிலிருந்து தொடங்குவோம்" என்றார். என் கணவர் மதவாச்சி, தம்புள்ளை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வழியில் எங்கே ஒரு நாள் தங்குவது என்று யோசித்தபடி நான் கொப்பியைத் திறந்தேன்.